உறை மோர்

சாப்பிட்டதில் பாதியை வேறோர் உயிர் தின்றுவிட்டால் உடம்பு ஏறாது. இளைக்கவைக்கும் மருந்தான மெலிவியின் கணக்கு அவ்வளவுதான்.

டாக்டர் இன்பசாகரன் அதை விளக்க இட்லியில் ஆரம்பித்தார்.

"ரெண்டு பேர் ஆளுக்கு நாலு இட்லி சாப்பிடறாங்கன்னு வைங்க. ஒருத்தருக்கு ஒட்டும், ஒருத்தருக்கு ஒட்டாது. ஏன்னா வயித்துல குடியிருக்கற கிருமிங்க வேற வேற. உங்க வயித்துல இருக்கறது ரொம்ப சிக்கனம். ஒரு பருக்கையைக்கூட வீணாக்காம உடம்புல சேர்த்துடும்."

"என்னை மாதிரியே," என்றாள் அம்சவேணி.

"மெலிவி அப்படி இல்லை. ஊதாரி. பாதியைத் தின்னு காத்தா விட்டுடும்."

"காத்தா விட்டா வீட்ல இருக்கறவங்க என்ன ஆவாங்க டாக்டர்?"

டாக்டர் சிரித்துவிட்டார். "மூச்சுல போயிடும்மா. பயப்படாதீங்க."

பிறகு நிபந்தனைகளைச் சொன்னார். பத்துப் பொட்டலம். தினம் ஒன்று, காலையில் ஒரு டம்ளர் மோரில் கலந்து குடிக்க வேண்டும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடவே கூடாது. கடைசிப் பொட்டலத்துக்குப் பிறகு கொஞ்ச நாளில் கிருமி கிழடு தட்டித் தானே செத்துவிடும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். மறுபடி வேண்டுமென்றால் மறுபடி வாங்க வேண்டும்.

மறுபடி வாங்கப் பணமில்லை என்பது அவளுக்கு அங்கேயே தெரியும்.

அம்சவேணிக்கு வில்லிவாக்கம் ஹவுசிங் போர்டில் மூன்றாம் மாடி. ரவிக்கை தைப்பவள். கணவர் தணிகைவேல் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிஃப்டுகளையெல்லாம் சரிசெய்வார், அவர்கள் பிளாக்கில் லிஃப்ட் கிடையாது. மூட்டு வலி அவளுக்குப் பழகிவிட்டது. பழகாதது ஷேர் ஆட்டோ. இப்போது ஓடுகிற ஆட்டோக்களுக்கு டிரைவர் இல்லை. இருக்கையே எடை பார்க்கும். உட்கார்ந்ததும் ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொல்லும்: "வணக்கம். தங்களுக்கு இரண்டு இருக்கைக் கட்டணம்." பக்கத்தில் இருப்பவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். சிரிப்பவர்களைவிட அவர்கள்தான் அவளை அதிகம் வலிக்கவைத்தார்கள்.

மெலிவி வாங்கியதை யாரிடமும் சொல்லவில்லை. நடக்கிறேன் என்று சொல்லிவைத்தாள்.

ஒன்பது பொட்டலம் குடித்தாள். பத்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இன்னொரு பக்கம் அடுப்பில் பால் ஆறிக்கொண்டிருந்தது. மோரில் பிழைக்கிறதென்றால் பாலில் பிழைக்காதா? இதைப் பெரிய யோசனை என்றுகூடச் சொல்ல முடியாது. தயிர் தீர்வதற்குள் ஒரு கரண்டி எடுத்து வைப்பவள் எவளுக்கும் வரக்கூடியதுதான். பொட்டலத்தைப் பழைய உறையில் கலந்து, வெதுவெதுப்பான பாலில் ஊற்றி மூடினாள்.

மறுநாள் காலையில் மூடியைத் திறந்தாள். கரண்டியால் வெட்டி எடுக்கும்படி இருந்தது தயிர். புளிப்பே இல்லை.

"எந்தக் கடையில வாங்கினே?" என்றார் தணிகைவேல்.

"நம்ம வீட்டுதுதான். உங்களுக்குக் கிடையாது. சளி புடிக்கும்."

அவர் ஏற்கெனவே ஒல்லி. அவருக்கு அவள் தனியாகப் பாக்கெட் தயிர் வாங்கினாள். அந்த அளவுக்கு அவள் ஜாக்கிரதையாகத்தான் இருந்தாள்.

தினமும் அதிலேயே ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றினாள். எடை இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு நாள் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தாள். குரல் "வணக்கம்" என்றது. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இறங்க வேண்டிய இடம் தாண்டியும் அவள் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாம் மாடி சுகந்தி ஒரு சாயங்காலம் கிண்ணத்தோடு வந்து நின்றாள். சுகந்தி வாய் துடுக்கு. உடம்பு அம்சவேணியின் பழைய உடம்பு.

"என்ன அம்சா, நடக்கறேன் நடக்கறேன்னு ஆளே காணாமப் போயிடுவ போலிருக்கு. எந்த ரோட்ல நடக்கற? நானும் அங்கயே வந்து படுத்துக்கறேன்."

"உக்காரு சுகந்தி."

"உக்கார நேரமில்ல. இன்னைக்குத் தயிரைப் பூரா என் பையன் வழிச்சுத் தின்னுட்டான். உறைக்கு ஒரு கரண்டி குடு. உன் வீட்டுத் தயிர் கத்தி வெச்சு வெட்டலாம்னு உன் வீட்டுக்காரர் மாடிப்படியில சொல்லிட்டுப் போறாரு."

அம்சவேணி ஜன்னலைப் பார்த்தாள். வெளிச்சம் இருந்தது. விளக்கு வைத்துவிட்டால் உறை கொடுப்பதில்லை என்று சொல்லிவிடலாம். இன்னும் விளக்கு வைக்கவில்லை. வேறு என்ன சொல்லி மறுப்பது? அந்தக் கட்டடத்தில் உறை இல்லை என்று எவளும் எவளையும் திருப்பி அனுப்பியதில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் பொட்டலம் வெளியே வரும். நடந்து இளைத்தவள் மருந்து தின்று இளைத்தவள் ஆகிவிடுவாள்.

ஒரு கரண்டிதானே என்று நினைத்தாள். சுகந்திக்கும் இளைத்தால் நல்லதுதானே என்றும் நினைத்தாள். இரண்டாவது நினைப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு கரண்டி ஊற்றினாள்.

"பையனுக்குப் போடாத," என்றாள் திடீரென்று.

"ஏன்?"

"சளி."

சுகந்தி சிரித்துக்கொண்டே போனாள்.

அதற்கப்புறம் அம்சவேணியின் தையல் மிஷின் ஓயவில்லை. புது ரவிக்கை தைக்க வந்தவர்கள் குறைவு. பழசைப் பிடித்துத் தரச் சொல்லி வந்தவர்களே அதிகம். முதலில் சுகந்தி. பிறகு சுகந்தியின் எதிர்வீடு. பிறகு அடுத்த பிளாக். தோளில் ஒரு விரல் அளவு, கையில் ஒரு விரல் அளவு. அவள் ஊசியை ஓட்டும்போது ஒவ்வொருத்தியும் சொன்னாள், இந்தத் தயிர் வந்ததிலிருந்து வயிறு லேசாக இருக்கிறது என்று. யாரிடமிருந்து உறை வாங்கினாய் என்று அம்சவேணி கேட்பாள். சுகந்தியிடம் வாங்கியவளிடம் வாங்கினேன் என்பார்கள். ஒருத்தி கீழே வண்டியில் இஸ்திரி போடுகிறவளுக்கும் கொடுத்ததாகச் சொன்னாள். இஸ்திரிக்காரிக்குக் குறைக்க உடம்பில் என்ன இருந்தது? அம்சவேணி அதைக் கேட்கவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

எதிர்வீட்டு ஜெசிந்தா மட்டும் தப்ப வேண்டும் என்பதில் அவள் உறுதியாக இருந்தாள்.

ஜெசிந்தா தூத்துக்குடிப் பெண். தாய் இல்லை. புருஷன் ரீகன் கப்பலில் இருந்தான். முதல் பிள்ளை, வயிற்றில் ஆறு மாதம். வாந்தி நிற்கவே இல்லை. தயிர்ச்சோறு ஒன்றுதான் உள்ளே தங்கியது. தினமும் மதியம் அம்சவேணி பாக்கெட் தயிரில் பிசைந்து, நீல மூடி டப்பாவில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தன் வீட்டுத் தயிர் பட்ட கரண்டிகூட அதில் படாமல் பார்த்துக்கொண்டாள். ஜெசிந்தா டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுப்பாள். அதைப் பார்க்கும்போது அம்சவேணிக்குத் தான் நல்லவள் என்று தோன்றும்.

ஏழாம் மாதம் ஜெசிந்தா ரவிக்கைத் துணியோடு வந்தாள். வளையல் அடுக்குகிறோம் என்று பிளாக் பெண்கள் நாள் பார்த்திருந்தார்கள்.

"கையை நீட்டு ஜெசி."

அம்சவேணி நாடாவைக் கையில் சுற்றினாள். நாடாவின் முனை எங்கேயோ போய் நின்றது. இன்னொரு முறை சுற்றினாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. போன தடவை நான் தப்பா எடுத்திருக்கேன் போல."

அவள் அளவு தப்பாக எடுப்பதில்லை. வயிறு மட்டும் முன்னால் நிற்க, மற்றதெல்லாம் உள்ளே போயிருந்தது. தோள்பட்டை எலும்பு துணிக்கு வெளியே குத்தியது.

"நர்ஸ் வந்து பாத்தாங்களா?"

"வந்தாங்க. கைல ஒரு மெஷின் வெச்சிருந்தாங்க. வயித்து மேல வெச்சுப் பாத்துட்டு ரெண்டாவது தடவையும் வெச்சாங்க." ஜெசிந்தா சிரிக்கப் பார்த்தாள். "பிள்ளை வளரலையாம்க்கா. அஞ்சு மாசப் பிள்ளை சைஸ்ல இருக்காம். நல்லா சாப்பிடுங்கன்னாங்க. நான் நல்லாத்தான் சாப்பிடறேன். முன்னைவிட ரெட்டிப்பா சாப்பிடறேன். எங்க போகுதுன்னே தெரியல."

அம்சவேணி நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"நான் குடுக்கற தயிர்ச்சோறு தின்னுறியா?"

ஜெசிந்தா ரவிக்கைத் துணியை மடித்தாள்.

"சொல்லு ஜெசி."

"கோவிச்சுக்காதீங்கக்கா. அந்தப் பாக்கெட் தயிர் புளிக்குது. வாய்ல வெச்சா குமட்டுது. உங்க மனசு சங்கடப்படுமேன்னு சொல்லல. காக்காய்க்கு வெச்சிருவேன்."

"அப்ப நீ என்ன திங்கற?"

"எங்க அத்தை வந்துட்டுப் போனாங்கல்ல, அஞ்சாம் மாசம். நீங்க அப்ப உங்க வீட்டுக்காரரோட ஊருக்குப் போயிருந்தீங்க. அத்தை சுகந்தி அக்காகிட்ட உறை வாங்கித் தயிர் தோச்சுக் குடுத்தாங்க. அதுதான்க்கா உள்ள தங்குது. மூணு வேளையும் அதுதான்."

அம்சவேணி எழுந்து எதிர்வீட்டுக்குப் போனாள். சமையல் மேடையில் ஒரு கல்சட்டி. மூடியை எடுத்தாள். கரண்டியால் வெட்டி எடுத்த இடம் சுவர் மாதிரி நின்றது. அது அவள் தயிர். அவளுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

கல்சட்டியைத் தூக்கிக் கழிவறையில் கவிழ்த்தாள். ஜெசிந்தா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா! என்ன பண்றீங்க?"

அம்சவேணி தரையில் உட்கார்ந்தாள். மூட்டு வலிக்காமல் தரையில் உட்கார முடிகிற உடம்பு இப்போது அவளுக்கு இருந்தது. உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பொட்டலம், பால், சுகந்தி. சொல்லி முடித்தபோது ஜெசிந்தா அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தாள்.

ஜெசிந்தா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "எனக்கு மட்டும் பாக்கெட் தயிர் வாங்கினீங்க. அப்ப உங்களுக்குத் தெரியும். ஏன்க்கா வாயைத் திறந்து சொல்லல?"

டாக்டர் இன்பசாகரன் அன்று சிரிக்கவில்லை. ஜெசிந்தாவைப் படுக்கவைத்துப் பார்த்தார். மூச்சை ஒரு பையில் ஊதச் சொன்னார். பையைக் கருவியில் மாட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இருக்கு. உங்க பொட்டலத்துல இருந்ததைவிட வேகமா இருக்கு."

"கொஞ்ச நாள்ல சாகும்னீங்களே டாக்டர்."

"வயித்துல சாகும். வயித்துல அது குட்டி போடாது, அப்படித்தான் செஞ்சிருக்காங்க. பால்ல போடும்னு யாருக்குத் தெரியும்? தினமும் புதுப் பால், தினமும் புதுக் கிருமி. யாராவது மருந்தைக் கொண்டுபோய்த் தயிர்ல தோய்ப்பாங்களா?"

"மோர்ல கலக்கச் சொன்னது நீங்க."

அவர் பேனாவை மேசையில் வைத்தார்.

"பிள்ளை பிழைச்சுக்கும். நான் தர்ற மாத்திரை எல்லாக் கிருமியையும் கொல்லும், நல்லது கெட்டது பாக்காது. அப்புறம் வயித்துக்கு நல்ல கிருமியைத் திரும்பக் குடுக்கலாம். எடை மெதுவா ஏறும். ஆனா பிள்ளை சின்னதாத்தான் பொறக்கும். அதை மாத்த முடியாது." ஜெசிந்தாவைப் பார்த்துச் சொன்னவர் அம்சவேணி பக்கம் திரும்பினார். "இதை வெளியில பேசாதீங்க. நான் கம்பெனிக்கு எழுதறேன். அவங்க ஆள் அனுப்புவாங்க."

"எப்ப?"

"எழுதறேன்."

"அதுவரைக்கும் எல்லாரும் தோச்சுக்கிட்டே இருக்கலாமா?"

அவர் மாத்திரைச் சீட்டை நீட்டினார்.

அம்சவேணி வீடு திரும்பியதும் தன் பானையைக் கொட்டி, கொதிக்கும் தண்ணீரில் கழுவினாள். கீழே இறங்கி இஸ்திரிக்காரியின் பானையைக் கொட்டினாள். இஸ்திரிக்காரி ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. நிற்க முடியாமல் வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சுகந்தியின் கதவைத் தட்டினாள். பொட்டலத்தைப் பற்றி இரண்டாவது முறை சொல்வது முதல் முறையைவிடச் சுலபமாக இருந்தது.

சுகந்தி இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். அந்த இடுப்பு இப்போது அவளுக்கு உண்டு.

"ஓ. அப்ப நீ நடக்கல."

"நடக்கல."

"நான் நெனச்சேன். பஸ் ஸ்டாண்டுக்கே ஆட்டோல போறவ."

"கொட்டிடு சுகந்தி. ஜெசியோட பிள்ளை..."

"ஜெசி பாவம். அவ குடிக்க வேணாம். நான் எதுக்குக் கொட்டணும்? நான் என்ன மாசமாவா இருக்கேன்? இருபது வருஷமாச்சு அம்சா, என் வீட்டுக்காரன் என்னைத் திரும்பிப் பாத்து. இப்பத்தான் பாக்கறான்."

"உன் பையன்?"

சுகந்தி திரும்பிப் பார்த்தாள். உள்ளே பையன் தட்டைத் தட்டி எதையோ கேட்டுக்கொண்டிருந்தான். கொஞ்ச நாளாக அவன் எப்போதும் எதையாவது கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

"அவனுக்குப் பாக்கெட் வாங்கறேன்," என்றாள் சுகந்தி. "நீ உன் வீட்டுக்காரருக்கு வாங்கினல்ல."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாடிப்படி ஏறும்போது அம்சவேணி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்த பிளாக், அடுத்த பிளாக். இஸ்திரிக்காரியை விட்டால் எல்லோரும் வயிறாரத் தின்ன வழி உள்ளவர்கள். ஒவ்வொரு கதவாகத் தட்டினால் பாதிப் பேராவது கேட்பார்கள். மீதிப் பேரைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். நாலு சுவருக்குள் இருக்கிற விஷயம். அடைத்துவிடலாம்.

ஜெசிந்தா வீட்டுக் கதவு திறந்திருந்தது. முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாள். அத்தையிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்றாள். நீங்களே சொல்லுங்கள் என்று போனில் எண்ணைப் போட்டு, ஒலியைக் கூட்டி, நடுவில் வைத்தாள்.

ஜெசிந்தாவின் மாமியார் மிக்கேலம்மாள் உப்பளத்தில் உப்பு வாருகிறவள். பேச்சு எப்போதும் உரக்கத்தான் வரும்.

"ஏட்டி ஜெசி! பிள்ளை எப்படிட்டி இருக்கு? துள்ளுதா?"

"இருக்கு அத்தை. எதிர்வீட்டு அக்கா உங்ககிட்ட பேசணுமாம்."

"யாரு, தையக்கார அக்காவா? யம்மா, நல்லாருக்கியளா? நானே உங்களுக்குப் போன் போடணும்னு இருந்தேன். உங்க உறைதான் இங்க எல்லாம்."

அம்சவேணி ஜெசிந்தாவைப் பார்த்தாள்.

"என்னம்மா சொல்றீங்க?"

"அன்னைக்கு மெட்ராசுலேர்ந்து வரும்போது ஒரு சின்னத் தூக்குல கொஞ்சம் எடுத்துட்டு வந்தேம்லா. ரெண்டாம் மாடிப் பிள்ளை சொல்லிச்சு, இது அம்சா வீட்டு உறைன்னு. இங்கன அப்படித் தயிரு எவ வீட்லயும் கிடையாது. ஒரு வீடு மிச்சமில்லாம வாங்கிட்டுப் போயிட்டாளுவ. நான் அளத்துல மோர்ப்பந்தல் போட்டுருக்கேன் பாத்துக்கிடுங்க. வருசா வருசம் போடுதது. அந்தோணியாருக்கு நேந்துக்கிட்டது. பெரிய பானை ரெண்டு. வேலை செய்யுத அம்புட்டுப் பேருக்கும் உங்க மோருதான்."

"அம்மா, அந்த மோர்..."

"புண்ணியமாப் போகும் உங்களுக்கு. காலையில கஞ்சியக் குடிச்சிட்டு வெயில்ல நிக்கிறவனுவளுக்கு வேற என்ன இருக்கு? ஆனா இந்த வருசம் வெயிலு ஒரு மாதிரியா இருக்குயம்மா. ஆளுவ நிக்க மாட்டேங்காவ. கண்ணு இருட்டுதுங்கான் ஒருத்தன், காலு நடுங்குதுங்கா ஒருத்தி. நேத்து ரெண்டு பேரு பாத்தியிலயே விழுந்துட்டாவ. எலும்புந்தோலுமா ஆயிட்டாவ எல்லாரும். நானும்தான், பாவாடை இடுப்புல நிக்க மாட்டேங்கு."

பின்னால் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும் சத்தம் கேட்டது.

"நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க? ஒரு செம்புக்கு ரெண்டு செம்பாக் குடிங்கலேன்னு ஊத்துதேன்."

"அம்மா, கேளுங்க. அதைக் கொட்டிடுங்க. யாருக்கும் குடுக்காதீங்க."

"என்னது? சத்தம் சரியாக் கேக்கல யம்மா. காத்து அடிக்கு. பந்தலுக்கு நேரமாச்சு, வரிசையில வந்து நின்னுருப்பாவ. போனை வீட்டுல வெச்சிட்டுப் போறேன், உப்புத் தண்ணி பட்டாக் கெட்டுப் போவும். சாயங்காலம் பேசுதேன். ஏட்டி ஜெசி, தயிரு நல்லாத் தின்னு என்ன?"

போன் அணைந்தது.

அம்சவேணி மறுபடி அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தூத்துக்குடியில் பூட்டிய வீட்டுக்குள் அது அடிப்பது அவளுக்குக் கேட்கிற மாதிரி இருந்தது. அவள் மறுபடி அழைத்தாள்.